ஐந்தாம் பாடம்

வியாழன் ஐந்தாம் பாடம் என்னுடையது.
அதிபரின் அறைச் சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்படித்தான் இருக்கிறது.
இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்து
புவனேந்திரன் சேர் அதை
மண்வெட்டி இரவல் கேட்பதுபோல் கேட்டு வாங்கிப் போகிறார்.
"சோதினை வருது ரீச்சர்,
இருபடிச் சமன்பாடு இன்னும் முடியல்ல,
வாற கிழமை தாறன்."
மண்வெட்டி திரும்பி வரவில்லை.

பட்டிருப்புப் பாலம் தாண்டி
வெல்லாவெளிக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்தும்போது
கழுத்தில் விசில் தயாராகத்தான் இருக்கும்.
களஞ்சிய அறையில்
காற்றுள்ள கரப்பந்து ஒன்று, இல்லாதது மூன்று,
வெடித்த எல்லே மட்டை,
வலயத்தில் ஒப்பமிட்டு எடுத்து வந்த அளவு நாடா.
அதன் முதல் பத்து சென்ரிமீற்றர் அறுந்துபோனது.
எங்கள் பூச்சியம் பத்தில் தொடங்குகிறது.

மைதானத்துக்குப் போகாவிட்டாலும்
உடற்கல்விக்கு எழுத்துப் பரீட்சை உண்டு.
'நீளம் பாய்தலின் நான்கு கட்டங்களையும் எழுதுக.'
யுகேந்தினி எழுதியிருந்தாள்:
ஓடி வாறது.
பலகையில அடிக்கிறது.
அந்த நேரம் ஒண்டும் கேக்காது.
மறுகா மண்.

புள்ளியிடும் திட்டத்தில்
மூன்றாவதற்குப் 'பறத்தல்' என்றிருந்தது.
சிவப்புப் பேனையை மூடினேன், திறந்தேன்,
அரைப் புள்ளி போட்டேன்.
இன்னும் உறுத்துகிறது அந்த அரை.

ஆவணியில் ஒரு புதன் இரவு
மின்வேலி அறுந்த பக்கத்தால் ஆனை வந்தது.
அதற்கு வேண்டியது
விடுதிக்குப் பின்னால் நிற்கும் விளாமரம்.
எங்கள் பாய்தல் குழி
வழியில் கிடந்தது, அவ்வளவுதான்.

காலையில் பள்ளிக்கூடமே குழியைச் சுற்றி நின்றது.
மிதிபலகை இரண்டு துண்டு.
உழவு மெஷினில் ஏற்றிவந்து கொட்டிய ஆற்றுமண்ணில்
சோற்றுத் தாச்சி அளவில் நாலு தடம்.
ஓரம் கலையாமல், ஈரம் காயாமல்.
"ரீச்சர், பலகைக்கு அங்கால மிதிச்சிற்று!"
லுகிர்தன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டான்.
பத்தாம் ஆண்டு முழுவதும் சிரித்தது.
நானும்.

யாரும் வகுப்புக்குப் போகவில்லை.
முதலாம் பாடம் போனது, இரண்டாம் பாடம் போனது,
இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது.
வன இலாகா ஆட்கள் வந்து
பார்த்து, எழுதி, தேத்தண்ணி குடித்துப் போனார்கள்.
ஐந்தாம் பாடத்துக்கு மணி அடித்தபோது
புவனேந்திரன் சேர்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குழியோரம் குந்தியிருந்தார்,
நாடாவின் ஒரு முனை அவர் கையில்.
ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு
எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
விசிலை எடுத்து ஊதினேன்.

யுகேந்தினி வாரியோடு வந்தாள்.
"தடத்த விடுகா, வடிவாக் கிடக்கு,
படம் எடுப்பம்" என்றார்கள்.
அவள் கிறுகிப் பார்க்கவில்லை.
போன மாரியில்
வயல் காவலுக்குப் போன அவளுடைய மாமாவை
விடியப்புறம் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தது
அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.
ஒரு தடம். இன்னொன்று.
விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுத்து இழுத்து மூடினாள்.
"குழி சமமா இல்லாட்டி
அளவு பிழைக்கும் ரீச்சர்" என்றாள்.
பாடப் புத்தகத்தில், குழியைப் பேணும் பகுதியில்,
உள்ள வசனம்.
பரீட்சையில் அவள் எழுதாமல் விட்டது.

பலகை இல்லை. சுண்ணாம்பால் கோடு கீறினோம்.
பாவாடையை ஒதுக்கிச் செருகிக்கொண்டு
விளாமரம் வரை பின்னால் போனாள்.
நின்றாள்.
ஓடி வந்தாள்.

கோட்டில் குதி அடித்த சத்தம்வரை
எனக்குக் கேட்டது.

நாடா நாலு ஐம்பத்தொன்று காட்டியது.
நான் வாய் திறக்குமுன்
"பத்தைக் கழியுங்க ரீச்சர்" என்றார் புவனேந்திரன் சேர்.
நாலு நாற்பத்தொன்று.
பேரேட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதப் போனேன்.
மேல் வரியில் யாரோ
பென்சிலால் முந்தியே எழுதி வைத்திருந்தார்கள்:
ஆனை. முதல் முயற்சி. தவறு.